இருபத்து மூன்றாம் குழாய்

ரீலிகா காரைச் சரளைச் சாலையோடு நிறுத்திவிட்டாள்.
அப்புறம் எல்லாம் பாசி.
கால் வைத்ததும் அரை நொடி யோசித்துவிட்டுத்தான்
தாங்குவதா விழுங்குவதா என்று முடிவெடுக்கும் தரை.
பூட்ஸுக்கு அடியில் முறம் அகலத்துக்குத் தட்டு கட்டி
வாத்துகள்போல் போகிறோம்,
ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்காமல்.
முதல் வாரமே சிரித்து முடித்தாயிற்று.

மொத்தம் நாற்பது குழாய்கள்.
கிழக்கு வரிசை பழகிவிட்டது;
மேற்கு வரிசைக்கு இன்றுதான் முதல் தடவை.
மூடியைத் திறந்து, ரப்பர்க் குழலை உள்ளே விட்டு
மறுமுனையை வாயில் வைத்து ஊத வேண்டும்.
ஊது, இறக்கு. ஊது, இறக்கு.
சட்டென்று உள்ளே களக்கென்று ஒரு கொப்புளம்:
அங்கே இருக்கிறது நீர்.
'பதினொன்று புள்ளி நான்கு' என்பேன்.
ரீலிகா பென்சிலால் எழுதுவாள்.
பேனா இந்த ஈரத்தில் அழுதுவிடும்.

சோவியத் காலத்தில் இந்தச் சதுப்பை உலர்த்த
கோடு கோடாய் வாய்க்கால் வெட்டினார்கள்.
இப்போது பலகை அடித்து அவற்றை அடைத்திருக்கிறோம்.
திரும்பி வர மனமிருக்கிறதா என்று
பதினைந்து நாளுக்கொருமுறை நீரைக் கேட்டு எழுத
எனக்குச் சம்பளம்.
பெரிதில்லை. பூட்ஸ் அவர்களே தருகிறார்கள்.

இருபத்தொன்றைச் சுற்றிப் பஞ்சுப்புல் வெளுத்துக் கிடந்தது.
இருபத்திரண்டின் மூடியை
ஏதோ மான் கடித்துப் பார்த்துத் துப்பியிருந்தது.
இருபத்து மூன்று
இல்லை.

வரைபடம் இங்கே என்றது.
இங்கே இருந்தது ஒரு கருங்குளம்,
அதில் தலைகீழாய் ஒரு பிர்ச் மரம், மேலே ஒரு தட்டான்.
கழியை விட்டுத் துழாவினேன்.
தட்டுப்பட்டது; சாய்ந்து படுத்திருந்தது,
ஒரு கோடையில் பிடிக்காத அளவு பாசம் பிடித்து.
இன்னும் கொஞ்சம் எட்டினேன்.
கரை 'ம்' என்றது. தொடை வரை உள்ளே போனேன்.

உதறினால் இன்னும் இழுக்கும்.
குப்புறப் படுத்து, கைகளை விரித்து,
மூக்குக்கு நேரே ஒரு பூச்சி தின்னும் செடி
ஒரு கொசுவை மடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தபடி
விரல் விரலாய்க் காலை மீட்டேன்.
பூட்ஸ் வந்தது. காலுறை வரவில்லை.

நோட்டைப் புரட்டினாள் ரீலிகா.
எனக்கு முன் இந்த வேலையில் இருந்த ரௌனோவின் கையெழுத்து.
இருபத்து மூன்று: ஒன்பது புள்ளி ஆறு. பத்து புள்ளி ஒன்று. பத்து.
இரண்டு வருடம், ஒரு தேதிகூடத் தவறாமல்,
இருபத்திரண்டுக்கும் இருபத்து நான்குக்கும் நடுவில்
பஸ்ஸில் இருவருக்கிடையே ஒடுங்கி உட்கார்ந்தவனைப்போல
நல்ல பிள்ளையாய் ஓர் எண்.

'பத்து புள்ளி மூன்று போட்டுவிடவா?' என்றாள் ரீலிகா.
'யாருக்கு வலிக்கும்?'

நவம்பரில் இங்கே மூன்றரைக்கே இருட்டு.
அப்போது துணைக்கு ஆள் தரமாட்டார்கள்.
இந்தக் கரையில் தனியே,
தலையில் கட்டிய விளக்கோடு நின்று
முதல் பொய்யை எழுத
எவ்வளவு நேரம் எடுத்திருப்பான்?
என் தொடையில் இன்னும் குளிர் ஒழுகிக்கொண்டிருந்ததால்
அவனைத் திட்ட வாய் வரவில்லை.

ஆனால் குளம் எங்கிருந்து வந்தது?
நின்று யோசித்தபோதுதான் உறைத்தது.
பலகைகள் பிடித்திருக்கின்றன.
நாற்பதிலும் முதலில் நீர் வீடு திரும்பிய இடம் இதுதான்.
அலுவலகமே காத்துக்கிடந்த சேதியை
பத்து புள்ளி ஒன்று என்று
இரண்டு வருடம் மூடிவைத்திருக்கிறான், மடையன்.

'மூழ்கிவிட்டது' என்று எழுதச் சொன்னேன்.
கட்டம் சின்னது. கடைசி எழுத்து
இருபத்து நான்குக்குள் போய் இடித்தது.

ரௌனோ இப்போது ஹெல்சிங்கியில் கட்டட வேலையில்;
மூன்று மடங்கு கூலி, உலர்ந்த கால்கள்.
இரவு அவனுக்கு ஒரு வரி அனுப்பினேன்:
இருபத்து மூன்று தண்ணீருக்குள்.

பார்த்துவிட்டான் என்று காட்டியது.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
நான் அடுப்பருகே ஒற்றைக் காலுறையைக் காயப்போட்டு
விளக்கை அணைக்கப் போகையில் வந்தது:

தெரியும்.
இப்போது எவ்வளவு ஆழம்?